காஸ்பராக நின்ற சனிக்கிழமை

எல்ம்ஸ்டெட்டின் கடைத்தெருவுக்கு நீளம் அதிகமில்லை. ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியிலிருந்து யாராவது வாழ்த்துவார்கள். அயோவாவில் இதைவிடச் சின்ன ஊர்கள் நிறைய உண்டு, ஆனால் இவ்வளவு பெருமையடிக்கும் ஊர் வேறு இருக்காது. அந்தத் தெருவில் நூறு வயதைத் தாண்டிய கட்டடங்கள் எட்டு இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, வரலாற்றுச் சங்கத்தார் வெளியூர்க்காரர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகச் சேர்த்து, இந்த எட்டையும் நடந்தே சுற்றிக் காட்டுவார்கள். வெறுங்கட்டடத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால் ஒவ்வொரு வாசலிலும், அந்தக் கட்டடத்தை முதலில் கட்டியவரின் வேஷத்தில் ஊர்க்காரர் ஒருவர் நிற்பார். "இந்த வங்கியைக் கட்டியவன் நான்" என்று, செத்து நூறு வருஷமான ஆள் போலவே பேசுவார். வந்தவர்கள் கேள்வி கேட்கலாம். பதிலையும் அந்தச் செத்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

வேஷம் கலையவே கூடாது. இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தை எங்கள் ஊர்க்காரர்கள் வேறு எந்தச் சட்டத்தையும் விட ஒழுங்காக மதிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மருந்துக்கடை வாசலில் ஓர் அம்மாள் மயங்கி விழுந்தாள். அங்கே மருந்துக்காரராக நின்றவன் நிஜத்தில் ஆம்புலன்சில் வேலை பார்ப்பவன். அவன் என்ன செய்தான் தெரியுமா? நாடியைப் பிடித்துக்கொண்டே, "இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கற்பூரத் தைலம் முகரக் குடுங்க" என்று 1890-ஆம் வருஷக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். இன்றுவரை ஊரில் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

ஆர்வில் லேமன் ஒன்பது வருஷமாக ஹார்ட்வேர் கடை வாசலில் நிற்பவர். அவர் போடுவது அவருடைய கொள்ளுத்தாத்தா காஸ்பர் லேமனின் வேஷம். காஸ்பர்தான் 1887-இல் அந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தைக் கட்டினார். கட்டடத்தின் நெற்றியில், மழைநீர் வழிந்து கறுத்த கல்லில், 'லேமன் அண்ட் சன்' என்று இன்னமும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆர்வில் கடையை நாற்பது வருஷம் நடத்தினார். இப்போது கடை இல்லை. கூரை உட்கார்ந்துவிட்டது, பின்சுவர் வயிறு தள்ளிவிட்டது. இடித்துவிட வேண்டும் என்று நகரசபை முடிவு செய்து, திங்கட்கிழமை என்று நாளும் குறித்துவிட்டது. இடிக்கும் இயந்திரத்தை வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து பின்பக்கச் சந்தில் நிறுத்தியிருந்தார்கள்.

எழுபத்து நாலு வயசில், இடிபடவிருக்கும் வாசலில் ஒட்டுத்தாடியோடு நிற்க அவருக்கு என்ன தலையெழுத்து என்று நீங்கள் கேட்கலாம். ஊரும் கேட்டது. அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. காரணம் அவருடைய மகள் டார்லா. செப்டம்பர் கடைசியில் அவர் சங்கத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்றை உறையில் போட்டு நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார். முகவரியை மனைவியின் தங்கையிடம் கெஞ்சி வாங்கினார். கடிதம் எழுத உட்கார்ந்தார், வரவில்லை. கடைசியில் பிரசுரத்தின் ஓரத்தில் பேனாவால், 'திங்கட்கிழமை இடிக்கிறார்கள். சனிக்கிழமை நான் வாசலில் இருப்பேன்' என்று மட்டும் எழுதினார். 'அப்பா' என்று கையெழுத்துப் போடக்கூடக் கூச்சமாக இருந்தது. வெறும் 'ஆ' என்று போட்டார்.

டார்லா வீட்டை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம். பதிமூன்று வயசிலிருந்து பள்ளி விட்டதும் கடையில்தான் கிடப்பாள். எந்தத் திருகாணி எந்த டப்பாவில், எந்தக் குழாய்க்கு எந்த மூட்டு, எல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவள் அண்ணன் பிரென்ட்டிடம் ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் கேட்டால் யோசிப்பான். ஆனாலும் கல்லில் வெட்டியிருப்பது 'சன்', அதாவது மகன் அல்லவா? ஆர்வில் கடையைப் பிரென்ட்டுக்குக் கொடுத்தார். அவன் ஒன்பது வருஷத்தில் அதைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டு, வெயில் நன்றாக இருக்கிறது என்று அரிசோனாவுக்குப் போய்விட்டான். டார்லா அவனுக்கு முன்பே போய்விட்டாள், கடையைக் கைமாற்றிய அந்த வாரமே.

ஆர்வில் அவளிடம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது, கடை உனக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சவரம் செய்யும்போது சொல்லிப் பார்த்தார், பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தார். கண்ணாடியிடம் தடங்கல் இல்லாமல் வந்தது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஆர்லீன் வந்து அவருடைய தாடியைச் சரிபார்த்தாள். ஆர்லீன் சங்கத்தின் தலைவி. பத்து வருஷத்துக்கு முன்புதான் இந்த ஊருக்குக் குடிவந்தவள், அதனாலேயே எங்கள் எல்லாரையும் விட ஊர்ப்பற்று அதிகம். பன்னிரண்டு பேருக்கும் முன்னால் பித்தளை மணியை ஆட்டிக்கொண்டு நடப்பது அவள்தான்.

"இடது பக்கம் பசை விட்டுக்கிட்டு வருது பாருங்க. இன்னும் கொஞ்சம் தடவட்டுமா?"

"தடவு. ஏற்கெனவே தோலு போச்சு. மிச்சத்தையும் எடுத்துக்கோ."

"இது உங்க கட்டடத்துக்குக் கடைசி நடை, ஆர்வில். இன்னைக்கு நீங்க கலக்கணும்."

"கட்டடமே கலங்கித்தான் நிக்குது. நான் வேறயா?"

"அந்த ஊசி ஜோக்கை மறந்துடாதீங்க. ஜனங்க அதுக்காகவே வருஷா வருஷம் வர்றாங்க."

ஆர்வில் தோல் ஏப்ரனின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். அந்த ஜோக்கை இந்த வருஷம் சொல்வதில்லை என்று அவர் தனக்குள் முடிவு செய்திருந்தார்.

முதல் குழு ஒரு மணிக்கு வந்தது. சிகாகோப் பக்கத்து ஓய்வுபெற்ற தம்பதிகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலைந்து பேர், குழந்தை வண்டி தள்ளும் ஒரு பெண். டார்லா இல்லை. ஆர்வில் கட்டைவிரல்களை கையில்லாக் கோட்டின் பைக்குள் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். "வாங்க, வாங்க! நான் காஸ்பர் லேமன். கப்பல்ல வந்தப்ப எங்கிட்ட ஒரு சுத்தியலும் ரெண்டு சட்டையும்தான் இருந்துச்சு. ஒரு சட்டையைத் திருடிட்டாங்க!" சிரிப்பு. அப்புறம் செங்கல் சுட்ட கதை, முதல் குளிரில் மை உறைந்த கதை, ரயில் வந்த கதை. வார்த்தைகள் தண்டவாளத்தில் ஓடுவது போலத் தானாக ஓடின. ஒன்பது வருஷப் பழக்கம்.

குழந்தை வண்டிக்காரி கேட்டாள். "உங்களுக்குப் பொண்ணுங்க இருந்தாங்களா, மிஸ்டர் லேமன்? அவங்க கடைக்கு வந்து உதவுவாங்களா?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் எதிரே பன்னிரண்டு முகங்கள் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தன, ஆர்லீனின் புருவம் ஏறிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "பொண்ணா? அவ கையில கடையைக் குடுத்தா, ஆணி கேட்டு வர்றவனுக்கு ஊசி எடுத்துக் குடுப்பா! அவனும் வெக்கப்பட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போயிருவான்!"

குழு குலுங்கிச் சிரித்தது. குழந்தை வண்டிக்காரி கூட "அந்தக் காலத்து ஆளு, என்ன பண்றது!" என்று சிரித்தாள். ஆர்லீன் மணியை ஆட்டினாள். அவர்கள் அடுத்த வாசலுக்கு, முனையில் இருக்கும் வங்கிக்குப் போனார்கள். ஆர்வில் வாயைத் துடைத்துக்கொண்டார். பசையின் கசப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் குழுவிலும் அவள் இல்லை. மூன்றாம் குழுவிலும் இல்லை. அந்த இரண்டு குழுவிலும் யாரும் பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஆர்லீன் கண்ணைக் காட்டினாள் என்று ஜோக்கை அவரே இழுத்துவிட்டார். அதில் சிரிப்பு வந்தால் இரண்டு நிமிஷத்துக்கு முழங்கால் வலி தெரிவதில்லை. நடுநடுவே தெருக்கோடியைப் பார்த்தார். தானியக் கிடங்கின் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் நெப்ராஸ்கா எண் தகடு இருக்கிறதா என்று பார்த்தார். கண் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது, இருந்தாலும் பார்த்தார்.

நான்காம் குழு இரண்டரைக்கு வந்தது. அவள் கடைசி வரிசையில் நின்றாள்.

முதலில் அவளைத் தெரியவில்லை. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பிறகு அவள் தலையை நிமிர்த்தி, நெற்றிக் கல்லில் இருக்கும் எழுத்தைப் படித்தாள். அந்த மோவாய் அவள் அம்மா ஜோய்ஸின் மோவாய். ஆர்வில்லுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் காஸ்பருக்கு ஓடியது. "வாங்க, வாங்க! நான் காஸ்பர் லேமன்!" என்று காஸ்பர் ஆரம்பித்துவிட்டார். சுத்தியல், இரண்டு சட்டை, செங்கல், மை, ரயில். ஆர்வில் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மற்றவர்கள் சிரித்த இடத்தில் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைச் சுளிக்கவும் இல்லை. வந்துவிட்டாள். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவருக்கு அதுவே போதும் போல இருந்தது.

கதை முடிந்ததும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"ஒண்ணு கேக்கலாமா, மிஸ்டர் லேமன்?"

"கேளும்மா." அவருடைய குரல் கொஞ்சம் பிசிறியது. யாரும் கவனிக்கவில்லை.

"நானும் ஹார்ட்வேர் கடைதான் வெச்சிருக்கேன். நெப்ராஸ்காவுல. பதினோரு வருஷமாச்சு. நானே ஆரம்பிச்சது, யாரும் குடுத்தது இல்ல." கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். "நீங்க இந்தக் கடையை ஆரம்பிச்சப்ப உங்களுக்கு முப்பது வயசு சொச்சம்னு சொன்னீங்க. எனக்கும் அதே வயசுதான். என்னைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

ஆர்வில்லுக்கு இது செய்தி. அவள் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். கடை வைத்திருக்கிறாள்! தனியாக! அவள் விளையாட்டின் சட்டத்தை மீறாமல், நேர்வாசலில் அல்லாமல் பக்கவாசல் வழியாக அவரிடம் வந்திருக்கிறாள் என்பது புரிந்தது. நல்லதாக ஒரு வார்த்தை. காஸ்பர் சொன்னாலும் சரி, அவளுக்கு அது போதும். அவர் வாயைத் திறந்தார். பன்னிரண்டு முகமும் அவரைப் பார்த்தன. ஆர்லீன் மணியைக் கையில் தூக்கிக்கொண்டு, நேரமாகிறது என்று கண்ணைக் காட்டினாள்.

"பொண்ணு கடை வெச்சாளா?" என்றார் காஸ்பர். "ஆணி கேட்டு வர்றவனுக்கு ஊசி எடுத்துக் குடுப்பியே, தாயி! அவனும் வெக்கப்பட்டு..."

மிச்சம் சிரிப்பில் கேட்கவில்லை. இதுவரை வந்த குழுக்களிலேயே இதுதான் பெரிய சிரிப்பு. ஒருவர் டார்லாவின் தோளைத் தட்டி, "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க!" என்றார்.

காஸ்பர் லேமன் அந்த வாக்கியத்தைச் சொன்னதாக எந்தக் காகிதத்திலும் கிடையாது. பாவம், அந்த மனிதர் என்ன நினைத்தாரோ யாருக்குத் தெரியும்? அதைச் சொன்னவர் ஆர்வில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இதே கடைக்குள், டார்லா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, "கடையை எனக்குக் குடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று கேட்டபோது, அங்கே நின்ற நாலு விவசாயிகளுக்கும் கேட்கும்படி சொன்னது. அன்றும் நல்ல சிரிப்புத்தான். சிரிப்பு வந்த வார்த்தை என்பதால் பிறகு அதைக் கொள்ளுத்தாத்தாவின் வாயில் போட்டுவிட்டார், வருஷா வருஷம் சொல்லி அது எங்கிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டார். மறந்தேன் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். நான் அதை முழுக்க நம்பவில்லை.

டார்லா மட்டும் மறக்கவில்லை. அவள் எல்லாரோடும் சேர்ந்து மரியாதைக்குச் சிரித்தாள். மணி அடித்தது. குழு நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

ஆர்வில் வாசலில் நின்றார். அடுத்த குழு வர இருபது நிமிஷம் இருந்தது. வங்கி எண்பது அடி தூரம்தான். வேஷத்தோடு தன் இடத்தை விட்டு யாரும் இதுவரை நகர்ந்ததில்லை. அவர் நகர்ந்தார். முழங்கால் கடகடவென்று ஆட, ஏப்ரன் காலைத் தட்ட, வாடகை வண்டியைத் துரத்துகிறவர் போல ஓடினார். அவரைப் பார்த்தவர்கள் இதுவும் நடையில் ஓர் அங்கம் என்று செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

வங்கிப் படிக்கட்டில் பல் டாக்டர் மைலோ, உயரத் தொப்பி போட்டுக்கொண்டு வங்கி முதலாளியாக நின்று 1893-இன் பண நெருக்கடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆர்வில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டார்லாவுக்கு முன்னால் போய் நின்றார். தாடியைப் பிடித்து இழுத்தார். வலது பக்கம் கழன்றது, இடது பக்கம் ஆர்லீன் புதிதாகத் தடவிய பசையால் வரமாட்டேன் என்றது. தாடி ஒரு கன்னத்தில் தொங்க, அவர் சொன்னார்.

"டார்லா. தப்பு என்னோடது. கடை உனக்குத்தான் வந்திருக்கணும். நான் அப்பச் சொன்னதும் தப்பு, இப்பச் சொன்னதும் தப்பு. உன்னை மாதிரி ஒரு ஆளு இந்தக் கடைக்குக் கெடைச்சிருந்தா..." அதற்கு மேல் வரவில்லை. அழுகை வந்தது. எழுபத்து நாலு வயசு ஆள், தெரு நடுவில், தோள் குலுங்க அழுதார்.

பிறகு முதல் கைதட்டல் கேட்டது. அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். "நெஜமாவே அழுறாரு பாரேன்!" என்றாள் ஒரு பெண். "அந்தப் பொண்ணும் நடிகைதான் போல. கூட்டத்துல கலந்து விட்டிருக்காங்க, எவ்வளவு சாமர்த்தியம்!" என்றார் அவள் கணவர். ஆர்லீன் அசந்துபோய் இரு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆர்வில், இது பிரமாதம்! இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?" என்று கிசுகிசுத்தாள்.

படியில் நின்ற மைலோவுக்கு டார்லாவைத் தெரியும். அவளுடைய பால்பல்லைப் பிடுங்கியவரே அவர்தான். எல்லாம் புரிந்தது அவருக்கு. புரிந்தும், அல்லது புரிந்ததாலேயே, அவர் எங்கள் ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். தொப்பியைத் தூக்கி, "என்ன லேமன், கடையைப் பூட்டாமயே ஓடி வந்துட்டீரா? ஆணியெல்லாம் காணாமப் போயிரப் போவுதய்யா!" என்றார். சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாகக் கலந்தன. சங்கடத்தை மூடிவிட்டோம் என்று மைலோ மூச்சு விட்டார். நல்ல மனசுக்காரர். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டார்லா கைதட்டல் ஓயும்வரை அசையாமல் நின்றாள். பிறகு குழுவை விட்டு விலகி, தன் வண்டி நிற்கும் பக்கத் தெருவுக்கு நடந்தாள். ஆர்வில் பின்னால் போனார். ஆர்லீன் கூப்பிட்டதும், சற்று நேரத்தில் ஐந்தாம் குழு கடை வாசலில் வந்து நின்று வெறுங்கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியாது.

பக்கத் தெருவில் யாரும் இல்லை. தபால் அலுவலகத்தின் பின்சுவர், ஒரு குப்பைத் தொட்டி, மேப்பிள் சருகுகள். அவளுடைய வண்டி வெள்ளை நிற பிக்கப். டார்லா கதவில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா."

"நெஜமாத்தாம்மா சொன்னேன். நடிப்பு இல்ல. அவங்கதான்..."

"நடிப்பு இல்லன்னு தெரியும். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு." அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். "அன்னைக்கு என்னைக் கேவலப்படுத்தறதுக்கும் உங்களுக்கு ஆளுங்க வேணும். இன்னைக்கு மன்னிப்புக் கேக்கறதுக்கும் ஆளுங்க வேணும். பன்னெண்டு வருஷமா வீட்டுல போன் இருந்துச்சேப்பா."

"எடுக்கணும்னு நெனைச்சேன். தெனமும் நெனைச்சேன்."

"அம்மா செத்தப்ப வந்திருந்தேனே, சர்ச் சமையலறையில நீங்களும் நானும் மட்டும் தனியா நின்னோம். கால் மணி நேரம். நான் காப்பிக் கப்பு கழுவிக்கிட்டே இருந்தேன், நீங்க ஏதாச்சும் சொல்வீங்கன்னு. கழுவின கப்பையே திரும்பவும் கழுவினேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"ரோட்டுல மான் குறுக்க வரும், பாத்துப் போன்னு சொன்னீங்க."

ஆர்வில் தலையைக் குனிந்தார். தாடி ஒரு பக்கமாக ஆடியது. அதைப் பிய்த்து எறியக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"இப்ப இங்க யாரும் இல்லப்பா," என்றாள் டார்லா. குரல் தணிந்திருந்தது. அந்தத் தணிவில் அவள் சின்ன வயசில் கடைக்குள் கேட்கும் குரல் இருந்தது. "கைதட்டவும் ஆளு இல்ல. சிரிக்கவும் ஆளு இல்ல. நீங்க அங்க சொன்னதையே எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க. போதும். நான் இன்னைக்கு ராத்திரி வீட்டுல தங்கிட்டுக் காலையில போறேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. பார்வை நழுவி வண்டிக் கதவுக்குப் போயிற்று. கதவில் பச்சை வண்ணத்தில் எழுதியிருந்தது: லேமன் ஹார்ட்வேர். அவ்வளவுதான், 'அண்ட் சன்' மாதிரி வேறு ஒட்டு எதுவும் கிடையாது. தன் குடும்பப் பெயரைத்தான் அவள் பதினோரு வருஷமாக நெப்ராஸ்காத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் படித்தார். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, 'பார்த்தேம்மா' என்றாவது. எல்லா வார்த்தைகளும் அவர் தொண்டைக்குள் வந்து நின்றன. காலையில் கண்ணாடியிடம் தடங்கலில்லாமல் வந்த அதே வார்த்தைகள்தான். அவர் காத்திருந்தார், யாரோ தன்னைத் தள்ளிவிடுவார்கள் என்பது போல. யாரும் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள், அவளும் காத்திருந்தாள். எங்கோ தூரத்தில் ஆர்லீனின் மணி அடித்தது. பார்வை கதவிலிருந்து இன்னும் கீழே இறங்கியது.

"முன் டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது," என்றார் ஆர்வில்.

டார்லா குனிந்து டயரைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். டயர் கல்லு மாதிரி இருந்தது. டயரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, அவருக்குத்தான் தெரியாதா? இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை. பார்க்க வேண்டிய நேரத்துக்கு மேல், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், குனிந்தபடியே இருந்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளுடைய குட்டை முடியில் இரண்டு நரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நிமிர்ந்து கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"சரிப்பா. பாத்துக்கறேன்."

வண்டி கிளம்பியது. தபால் அலுவலகத்தைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் நுழையாமல், தானியக் கிடங்கைச் சுற்றி நெடுஞ்சாலைக்குத் திரும்பியது. ஆர்வில் வண்டி மறையும்வரை அந்த முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு குறையும் இல்லை. இனி அவள் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் வந்து பார்ப்பதற்கு இந்த ஊரில் மிச்சம் இருக்கப்போவது அவர் ஒருவர்தான்.